ஏழு கல் சேர்ந்தால் ஒரு கடல்

எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து சாமி அறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு கல் திரும்பிப் பதிந்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல், செட்டிநாட்டில் கையால் செய்யும் சிமெண்ட் பூக்கல். நான்கு கல் கூடினால் ஒரு பூ வரும். அந்த நான்கில் ஒன்று மட்டும் உள்பக்கம் பார்க்க வேண்டிய மூலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அந்தப் பூவுக்கு மூன்று இதழ்தான். நான்காவது இதழ் சுவரோரம் தனியாகக் கிடக்கிறது.

2006-ல் தளம் போட்டபோது நடந்தது. அன்று வெளிச்சம் போன பிறகும் ஒரே ஒரு பல்பை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். மறுநாள் காலையில் அப்பத்தாதான் முதலில் கவனித்தார். கொத்தனாரைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தக் கல்லு எங்கேயோ பாத்துக்கிட்டு இருக்கே" என்றார். அவர் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப எடுத்தா சுத்தியிருக்கிற கல்லுக்கும் ஓரம் போயிரும் ஆச்சி" என்றார். சரி என்று விட்டுவிட்டோம். கூடத்தில் நானூறு கல்லுக்கு மேல் இருக்கும். வருகிறவர்கள் கண்ணில் படுவது அந்த ஒன்றுதான்.

பல வருடம் கழித்து வேலை விஷயமாக ஒரு வாரம் பார்சிலோனா போனபோது அந்தக் கல் என்னோடு கூடவே வந்தது. அந்த ஊரில் பாசெய்க் தெ கிராசியா என்று ஓர் அகன்ற சாலை உண்டு. இருபுறமும் புகழ்பெற்ற கட்டடங்கள். எல்லோரும் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். எலும்பு போன்ற தூண்களும் மீன் செதில் போன்ற கூரையும் கொண்ட காசா பட்லியோ அங்கேதான் இருக்கிறது. அதை இப்படி மாற்றிக் கட்டிய கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியைப் பார்க்கத்தான் உலகமே அங்கே கூடுகிறது. நானும் நிமிர்ந்து பார்த்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் குனிந்துவிட்டேன். ஏனென்றால் காலுக்குக் கீழேயும் கௌடி இருந்தார்.

நடைபாதை முழுக்க அறுகோணக் கற்கள். சாம்பல் நிறம். பூவும் இல்லை, வண்ணமும் இல்லை. ஆனால் சாய்வெயில் பட்டபோது கல்லின் முகத்தில் ஏதோ நெளிந்தது. ஓரிடத்தில் சுருள் சுருளாகச் சங்கு. கொஞ்சம் தள்ளி நட்சத்திர மீன். இன்னொன்றை ஆக்டோபஸ் என்கிறவர்களும் உண்டு, கடற்பாசி என்கிறவர்களும் உண்டு. எனக்குப் பாசியாகத்தான் பட்டது. இதில் எந்த உருவமும் ஒரு கல்லுக்குள் அடங்கவில்லை. ஒவ்வொன்றும் மூன்று கல் சேரும் மூலையில்தான் முழுமையாகிறது. ஒரு கல்லைச் சுற்றி ஆறு கல் வைத்தால், அதாவது ஏழு கல் சேர்ந்தால்தான் முழுப்படமும் தெரிகிறது.

ஓரமாகக் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவறி எதையோ போட்டுவிட்டேன் என்று நினைத்து ஒரு பெரியவர் உதவிக்கு வந்தார்.

அன்றிலிருந்து இந்தக் கல்லைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க என் எண்ணம் ஒன்று உறுதிப்பட்டது. சிமெண்ட் கல்லில் ஓவியர் வேலை செய்யும் இடம் கல்லின் நடு அல்ல, அதன் ஓரம். பக்கத்துக் கல்லோடு சேரும் அந்தக் கோட்டில் என்ன நடக்கிறது என்பதை யோசித்தவர்தான் இந்தக் கலைக்கு எதையாவது கொடுத்திருக்கிறார். மற்றவர்கள் படம் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இதைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

சிமெண்ட் பூக்கல்லை யாரும் சூளையில் வைத்துச் சுடுவதில்லை. அதுதான் அதன் அழகும், அது ஊர் ஊராகப் பரவியதன் காரணமும். அதற்கு முன்பு ஐரோப்பாவில் பூப்போட்ட தளம் வேண்டுமென்றால் களிமண் ஓடுதான். பல நிற மண்ணைப் பதித்துச் சூளையில் ஏற்ற வேண்டும். விலையும் அதிகம், வேலையும் அதிகம். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் தெற்குப் பகுதியில் சிமெண்டை அச்சில் ஊற்றி அழுத்திப் பூக்கல் செய்யத் தொடங்கினார்கள். 1867-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பார்சிலோனாவைச் சேர்ந்த கரெட், ரிவெட் நிறுவனம் இந்தக் கற்களைக் காட்சிக்கு வைத்தது. ஸ்பெயினில் இதற்கு மொசைக்கோ இத்ராலிக்கோ என்று பெயர். நம் ஊரில் மொசைக் என்றால் சலவைக்கல் சில்லுகளைக் கலவையில் போட்டு மெஷின் வைத்துத் தேய்க்கும் தளம். அது வேறு, இது வேறு.

இரும்புச் சட்டத்துக்குள் ஒரு தட்டு. அதன் மேல் பித்தளைத் தகடுகளை வளைத்து ஒட்டிய ஓர் அச்சை வைக்கிறார்கள். சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறத்தை ஊற்ற வேண்டும். வெள்ளைச் சிமெண்ட், சலவைக்கல் பொடி, நிறமி, தண்ணீர் எல்லாம் கலந்து தயிர் பதத்தில் இருக்கும். ஊற்றி முடித்ததும் அச்சைச் செங்குத்தாக, கை நடுங்காமல் தூக்க வேண்டும். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுகிறார்கள். அது மேல்பூச்சில் உள்ள அதிகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கும் மேல் கனமான காரை. பிறகு பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிறார்கள். எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, வாரக்கணக்கில் நிழலில் அடுக்கி வைத்தால் கல் தயார். நிறம் மேலே பூசிய மை இல்லை. மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிறமேதான் கல். அதனால்தான் நூறு வருடம் நடந்தாலும் பூ அழிவதில்லை.

ஆத்தங்குடியிலும் இதே வேலைதான், ஒரு பெரிய மாற்றத்தோடு. அங்கே பிரஸ் கிடையாது. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, அச்சை வைத்து, கரண்டியால் நிறத்தை ஊற்றுகிறார்கள். அப்புறம் உலர்ந்த பொடி, அப்புறம் காரை. கல்லின் முகம் கண்ணாடியை ஒட்டிப் படுத்திருக்கும். இறுகிய பிறகு கண்ணாடியிலிருந்து எடுத்தால் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். இயந்திரம் செய்வதைக் கண்ணாடியும் பொறுமையும் சேர்ந்து செய்கின்றன. முதல் முறை அப்பாவோடு போய் இதைப் பார்த்தபோது, ஒருவர் அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் எல்லோரும் பேச்சை நிறுத்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்த அச்சுதான் ஓவியரின் எஜமான். வளைக்க முடியாத கோட்டை அது ஏற்காது. மிக மெல்லிய இடைவெளியில் கலவை இறங்காது. நிழல், சாயல், ஒரு நிறம் இன்னொன்றாகக் கரைவது, இதெல்லாம் நடக்காது. ஒவ்வொரு நிறமும் நான்கு பக்கமும் சுவர் கட்டிய ஓர் அறைக்குள் இருக்க வேண்டும். அச்சைத் தூக்கும்போது நிறங்கள் விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்த மென்மையான விளிம்பை வைத்துத்தான் கையால் செய்த கல்லை நான் அடையாளம் காண்கிறேன். அச்சடித்த டைல்ஸில் கோடு கத்தியால் வெட்டியது போல் இருக்கும்.

பார்சிலோனாவில் இந்தக் கல் பெருகியதற்கு ஊரே காரணம். பழைய கோட்டை மதிலை இடித்த பிறகு, 1859-ல் இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி ஊரைச் சுற்றி ஒரு புதிய நகரம் எழுந்தது. ஐஷாம்பிளா என்று பெயர். சதுரச் சதுரமான மனைத்தொகுதிகள், பக்கத்துக்கு ஏறக்குறைய 113 மீட்டர், நான்கு மூலைகளும் சீவப்பட்டவை. நான்கு தொகுதிகள் சந்திக்கும் இடத்தில் சீவிய மூலைகள் நான்கும் சேர்ந்து ஒரு சின்னச் சதுக்கத்தை உண்டாக்குகின்றன. மேலிருந்து எடுத்த படத்தில் பாருங்கள், அப்படியே பூக்கல் பரப்பியது போல் இருக்கும். தொகுதிக்குள் இல்லாத ஒரு வடிவம், தொகுதிகள் சேரும் இடத்தில் பிறக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிந்தனை ரத்தத்திலேயே இருந்ததோ என்று தோன்றுகிறது.

அந்தப் புதிய வீடுகளுக்கெல்லாம் தளம் வேண்டும். 1886-ல் எஸ்கோஃபெட் நிறுவனம் தொடங்கியது. அது செய்த புத்திசாலித்தனமான காரியம், ஓவியர்களையும் கட்டடக் கலைஞர்களையும் கூப்பிட்டுக் கல்லுக்கு வரையச் சொன்னது. லூயிஸ் டொமெனெக் இ மொன்டனேர், ஜோசெப் பூய்ச் இ கடஃபால்க், அலெக்சாண்டர் தெ ரிக்கேர், ஜோசெப் பாஸ்கோ என்று அக்காலத்துப் பெரிய கைகளெல்லாம் வரைந்தன. சுவரொட்டியும் புத்தக அட்டையும் வரைந்துகொண்டிருந்த ரிக்கேர் போன்றவர்கள் தரைக்கும் வரைந்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பங்குபோட்டுக் குடியிருக்கும் நடுத்தரக் குடும்பத்தின் படுக்கையறையிலும் ஓர் ஓவியரின் வேலை விரிந்து கிடந்தது. கம்பளம் வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சிமெண்டில் கம்பளம். நடுவில் பூ, சுற்றிலும் கரை, மூலைக்கு ஒரு தனிக் கல்.

அந்தக் கற்களில் பல எனக்குப் பிடிக்கும். லில்லி, ரோஜா, வளைந்து ஓடும் கொடி, சாட்டையைச் சுழற்றியது போன்ற கோடுகள். ஆனாலும் பெரும்பாலானவை கம்பளத்தையோ பட்டுத்துணியையோ பார்த்துச் செய்தவை. வேறொன்றைப் போல் இருக்க ஆசைப்பட்ட கற்கள். சதுரத்தின் இன்னொரு சங்கடமும் உண்டு. சதுரக் கல்லை எப்படிப் பரப்பினாலும் சேரும் கோடு அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நேராக ஓடும். கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடும். எவ்வளவு அழகான கொடியை வரைந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

இங்கேதான் கௌடி வருகிறார்.

கௌடி 1852-ல் பிறந்தவர். அப்பா செம்புப் பாத்திரம், கொப்பரை செய்யும் தொழிலாளி. தட்டையான தகட்டை அடித்து அடித்துக் குழிவான ஒன்றாக ஆக்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றிலும் அந்தக் கொப்பரையின் வளைவு இருக்கிறது என்பது என் நம்பிக்கை. 1904-ல் பட்லியோ குடும்பத்தின் வீட்டைத் திருத்திக் கட்டும் வேலை அவர் கையில் இருந்தது. அந்த வீட்டுக்குள் போனால் கடலுக்கடியில் நடப்பது போல இருக்கும். நடுவில் வெளிச்சம் இறங்கும் கிணறு போன்ற திறப்பு முழுக்க நீல ஓடுகள், மேலே அடர் நீலம், கீழே வர வர வெளிறிய நீலம். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தரை எப்படி இருக்க வேண்டும்? கடலின் தரைபோல. அதற்காகத்தான் எஸ்கோஃபெட்டில் இந்த அறுகோணக் கல் உருவானது.

ஆனால் 1906-ல் வீட்டு வேலை முடியும்போது கல் தயாராகவில்லை. காசா பட்லியோவில் வேறு தளம் போட்டுவிட்டார்கள். கொஞ்ச தூரத்தில் அதே சாலையில் அடுத்து அவர் கட்டத் தொடங்கிய காசா மிலாவின் அறைகளுக்குத்தான் இந்தக் கற்கள் போய்ச் சேர்ந்தன. 1906 முதல் 1912 வரை நடந்த வேலை அது. கடல் வீட்டுக்காகப் பிறந்த தரை, மலையைக் குடைந்தது போன்ற கல் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது.

அந்தக் கல்லில் அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்று பாருங்கள். முதலில் நிறத்தை. ஐந்து நிறம், ஆறு நிறம் என்று மற்றவர்கள் ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில் இவர் ஒரே நிறத்தை எடுத்தார். பச்சையும் நீலமும் சாம்பலும் கலந்த, ஆழமில்லாத கடல் தண்ணீரின் நிறம். ஒரே நிறம் என்றால் பித்தளை அறைகள் தேவையில்லை. அச்சைத் தூக்கும் அந்த மூச்சடக்கும் நொடியும் தேவையில்லை. எல்லோருக்கும் எஜமானாக இருந்த அச்சை அவர் வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாகக் கீழே இருக்கும் தட்டே அச்சானது. மேடும் பள்ளமுமாக உருவத்தைச் செதுக்கி, அதில் கலவையை அழுத்தினால் உருவம் கல்லின் முகத்தில் வந்துவிடும். சிமெண்ட் என்பது ஊற்றினால் எந்த வடிவத்தையும் எடுக்கும் பொருள். அதை வைத்துத் தட்டையான கம்பளம் நெய்துகொண்டிருந்தவர்கள் நடுவில், சிமெண்டைச் சிமெண்டாகவே பயன்படுத்தியவர் இவர்.

வண்ணத்துக்கு அஞ்சிய ஆள் இல்லை அவர். அதே வருடங்களில் பார்க் குவெல்லில் அவரும் ஜோசெப் மரியா ஜுஜோலும் உடைந்த ஓட்டுத் துண்டுகளை ஒட்டி, ஊரே கண்ணைச் சிமிட்டும்படி வண்ணத்தை வாரி இறைத்திருக்கிறார்கள். அது உட்காரும் இடம், வெயிலில் நிற்கும் இடம். இது தூங்கி எழுந்து வெறுங்காலோடு நடக்கும் இடம். இரண்டுக்கும் என்ன வேண்டும் என்று தெரிந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து அறுகோணம். ஒரே வடிவத்தை இடைவெளி இல்லாமல் பரப்ப வேண்டுமென்றால், ஒழுங்கான வடிவங்களில் மூன்றே மூன்றுதான் உதவும். முக்கோணம், சதுரம், அறுகோணம். அறுகோணத்தில் சேரும் கோடு எங்கேயும் நேராக ஓடாது. கொஞ்சம் போவதற்குள் திரும்பிவிடும். கண் பிடித்துக்கொண்டு ஓடக் கோடு இல்லை. அதனால் கண் அலைகிறது, அந்த அலைச்சலில்தான் சங்கும் மீனும் தென்படுகின்றன. ஒரு மூலையில் நான்கு கல் மோதாமல் மூன்றே கல் சேர்வதால், மூலை சிலுவையாகத் தெரியாமல் கிளையாகத் தெரிகிறது. அந்த மூன்று கிளைச் சந்திப்பில்தான் அவர் தன் உயிர்களைக் கொண்டுவந்து வைத்தார்.

இதை நான் ஒரு வெள்ளைத் தாளில் அறுகோணங்களை வெட்டி வைத்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஒரு கல்லின் ஆறு மூலைகளில் மூன்றைப் பாருங்கள். ஒன்றில் சங்கின் ஒரு பங்கு, ஒன்றில் மீனின் ஒரு பங்கு, ஒன்றில் பாசியின் ஒரு பங்கு. பக்கத்துக் கல்லைச் சரியான மூலைக்குத் திருப்பி வைத்தால் பங்குகள் கைகோத்துக்கொள்ளும். எல்லாம் ஒரே அச்சில் வந்த ஒரே கல். திருப்புவதில்தான் எல்லாம். ஒரு கல்லை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தால் எதுவும் விளங்காது. ஏதோ அலை, ஏதோ நெளிவு. தன் படம் எந்தக் கல்லிலும் முழுமையாக இல்லாதபடி வரைவதற்கு ஒரு மனம் வேண்டும். தான் வரைந்ததைக் கொத்தனார் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நீ முடி என்று சொல்கிற மனம். கௌடி பிடிவாதக்காரர், தன் கட்டடத்தில் கதவுக் கைப்பிடி வரைக்கும் தானே தீர்மானித்தவர் என்கிறார்கள். அப்படிப்பட்டவர் தரையில் மட்டும் இப்படிக் கைவிட்டுக் கொடுத்திருக்கிறாரே என்று நினைக்க எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்னொன்று வெளிச்சம். நிறத்தால் வரைந்த பூ எப்போதும் பூதான். மேடுபள்ளத்தால் வரைந்தது அப்படி இல்லை. உச்சி வெயிலில் அந்த நடைபாதை சாதாரணச் சாம்பல் தரையாகிவிடுகிறது. காலையிலும் சாயங்காலமும் வெயில் சாய்ந்து வரும்போது நிழல் பள்ளங்களில் இறங்க, உருவங்கள் எழுந்து வருகின்றன. நான் இருந்த வாரத்தில் ஒரு நாள் மழை பெய்தது. நின்றதும் போய்ப் பார்த்தேன். பள்ளங்களில் மட்டும் தண்ணீர் மினுங்கியது. சங்கு நிஜமாகவே ஈரத்தில் கிடந்தது.

வீட்டுக்குள் இருந்த கல் தெருவுக்கு வந்தது வெகு காலம் கழித்து. கௌடி 1926-ல் டிராம் வண்டி மோதி இறந்தார். உள்நாட்டுப் போர் வந்தது, வறுமை வந்தது, அப்புறம் ரசனையும் மாறியது. 1960-களில் பூக்கல்லின் இடத்தைச் சில்லுத் தளம் பிடித்துக்கொண்டது. நம் வீடுகளிலும் ஏறக்குறைய அதே காலத்தில் அதேதான் நடந்தது. இரண்டு ஊர்களிலும் பூக்கல்லை வீட்டை விட்டுத் துரத்தியது ஒரே மாமியார்தான். 1976-ல் பாசெய்க் தெ கிராசியாவின் நடைபாதைக்குக் கௌடியின் அறுகோணத்தை எடுத்து விரித்தார்கள். வீட்டுக் கல்லின் கடல்நிறம் தெருவில் சாம்பலாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் ஒரு பணக்காரரின் அறைக்குள் இருந்த கடல், யார் வேண்டுமானாலும் செருப்புக் காலோடு நடக்கும் இடத்துக்கு வந்ததில் அதைவிடப் பெரிய மகிழ்ச்சி உண்டு.

அந்த ஊரின் மற்ற தெருக்களில் இன்னொரு கல் கிடக்கிறது. இருபது சென்டிமீட்டர் சதுரம், சாம்பல் நிறம், நடுவில் நான்கு இதழ்ப் பூ. பார்சிலோனாவின் பூ என்றே அதற்குப் பெயர். காசா பட்லியோவுக்குப் பக்கத்து வீடான காசா அமட்லியேயின் வாசலில், வண்டி நுழையும் தரைக்குப் பூய்ச் இ கடஃபால்க் போட்ட பூவிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். 1900-ல் முடிந்த வீடு அது. ஒரு காலத்தில் பார்சிலோனாவுக்குச் சேற்று வீடு என்று பொருள்படும் கேலிப்பெயர் இருந்தது. மழை பெய்தால் தெருவெல்லாம் சேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகராட்சி நடைபாதைக்கென்று சில சிமெண்ட் கல் வடிவங்களைத் தேர்ந்தெடுத்து ஊர் முழுக்கப் போட்டது. அதில் இந்தப் பூ நிலைத்துவிட்டது. இன்று அது சாவிக்கொத்திலும் துணிப்பையிலும் இருக்கிறது. நல்ல கல்தான். ஆனால் அந்தப் பூ தன் கல்லுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். நகராட்சிக்கு அதுதான் தேவை, கொத்தனார் தப்பே செய்ய முடியாது. கௌடியின் கல்லில் தப்புச் செய்ய முடியும்.

செய்தும் இருக்கிறார்கள். கடைசி நாள் நடந்தபோது ஒரு மூடியைச் சுற்றித் தோண்டி மறுபடி பதித்திருந்த இடத்தில் நட்சத்திர மீனின் ஒரு கை, சங்கின் சுருளில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டு மூன்று இதழ்ப் பூவை அங்கே பார்த்தேன். அப்பத்தா இருந்திருந்தால் "இது எங்கே பாத்துக்கிட்டு இருக்கு?" என்று கேட்டிருப்பார்.

ஊர் திரும்பியதும் ஆத்தங்குடிக்குப் போனேன். பழைய பட்டறை ஒன்றில், அறுபதைத் தாண்டிய ஒருவர். என் சிறு வயதில் அப்பாவுக்குக் கல் ஊற்றிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம், கேட்டுக்கொள்ளவில்லை. பார்சிலோனாவில் வாங்கி வந்திருந்த, உள்ளங்கையில் அடங்கும் சின்ன அறுகோண மாதிரி ஒன்றைக் காட்டினேன். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று எதுவும் சொல்லவில்லை.

அவர் அதை வாங்கி முதலில் முதுகைப் பார்த்தார். பிறகு நகத்தால் மேடுகளைத் தடவினார். "இது நம்ம கண்ணாடியில வராது தம்பி. கண்ணாடி மட்டமா இருக்கும். மேடு வேணும்னா கீழ வேற தட்டு வேணும்" என்றார். கூட்டினால் தூசி தங்குமே என்றும் சொன்னார், வழுக்காது என்பதையும் அவரே சொன்னார். நம் கற்களுக்கு யார் படம் போட்டார்கள் என்று கேட்டேன். அச்சு அடிக்கிறவர் கொண்டு வருவார், அவர் எங்கேயாவது பார்த்திருப்பார், வீட்டுக்காரர் கேட்டதை வைத்து மாற்றுவார் என்றார். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் சம்பாதித்து வந்தவர்கள் வெளிநாட்டு ஓடுகளைக் கப்பலில் இறக்கிப் பதித்த வீடுகள் சுற்றிலும் இருக்கின்றன. அந்தப் பூக்களைப் பார்த்த கண், வாசலில் கோலம் போட்ட கண், இரண்டும் அந்த அச்சுகளுக்குள் இருக்கின்றன. அங்கே எஸ்கோஃபெட் தன் ஓவியர்களின் பெயரைப் பெருமையாகச் சொன்னது. இங்கே பித்தளைத் தகட்டை வளைத்த அந்தக் கைகளுக்குப் பெயர் இல்லை. அவர்களையும் நான் ஓவியர்கள் என்றுதான் சொல்வேன். நான்கு கல் சேர்ந்தால் ஐந்தாவதாக ஒரு பூ நடுவில் முளைக்கும்படி மூலையைக் கால்வாசி காலியாக விடத் தெரிந்தவர்கள்.

பேசிக்கொண்டே அவர் என் மாதிரியைத் தரையில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார். நகர்த்தி, இன்னொன்று. பேச்சு நின்றுவிட்டது. சிமெண்ட் தரையில் வரிசையாக அறுகோணங்கள் வந்தன. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. நான் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவதை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது ஒரு கல்லு இல்லையே" என்றார். "ஏழு."

ஆமாம் என்றேன்.

"சரி, பதிக்கிறவனுக்கு எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. முதல் அறுகோணத்தின் ஒரு மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். அடுத்ததில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று. மூன்று புள்ளிகளும் ஒரே மூலையில் வந்து ஒட்டிக்கொண்டன.